ஒத்தை வரிசைச் செல்லும் ஒரு சிட்டிகை உப்பும்

பதினொண்ணாம் வகுப்பு விலங்கியல்ல "திசுக்கள்"னு ஒரு பாடம் வரும். அறிவியல் குரூப் படிச்ச யாருக்கும் மறந்திருக்காது. தட்டை எபிதீலியம், கனசதுர எபிதீலியம், தூண் எபிதீலியம்னு வரிசையா மூணு படம். முதல் படம் தரையில பாவின டைல்ஸ் மாதிரி இருக்கும். ரெண்டாவது அடுக்கி வச்ச சோப்புக்கட்டி மாதிரி. மூணாவது, நெருக்கி நட்ட மூங்கில் வேலி மாதிரி. படத்தைப் போட்டு நாலு பாகம் குறிச்சா மார்க் வந்துடும். பரீட்சை முடிஞ்சதோட அதை மறந்தும் போயிடுவோம்.

அந்த மூணாவது படத்தைப் பத்தித்தான் இன்னிக்கு எழுதப் போறேன். முழுப்பேர் எளிய தூண் எபிதீலியம். கொட்டாவி விடாதீங்க மக்களே, விஷயம் இருக்கு.

நான் டாக்டரும் இல்லை, வாத்தியாரும் இல்லை. டெபிட் கிரெடிட் பார்த்து வயித்தைக் கழுவுற ஆளு. பொண்ணு ப்ளஸ் ஒன்ல சயின்ஸ் குரூப் எடுத்ததுல இருந்து, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவ பாடம் ஒப்பிக்கிறதைக் கேட்கிறது என் டிபார்ட்மெண்ட். (கணக்கு மட்டும் அவங்க அம்மா டிபார்ட்மெண்ட். ஏன்னு கேட்காதீங்க.) அப்படிக் கேட்டுக் கேட்டு, அவ தூங்கப் போன பிறகும் நான் புத்தகமும் கையுமா உட்கார்ந்திருக்கிற நிலைமை வந்துடுச்சு. காரணம் எங்க குடும்பத்துல நடந்த ஒரு பழைய விஷயம். அதைக் கொஞ்சம் கழிச்சுச் சொல்றேன். முதல்ல படத்தைப் பார்த்துடுவோம்.

பேரைப் பிரிச்சுப் பார்த்தா

"எளிய"ன்னா ஒரே ஒரு வரிசை. மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு அடுக்கு கிடையாது. "தூண்"னா அகலத்தை விட உயரம் ஜாஸ்தி. "எபிதீலியம்"னா ஒரு பரப்பை மூடியிருக்கிற திசு. ஆக மொத்தம், ஒத்தை வரிசையா நின்னுட்டு இருக்கிற நெட்டைச் செல்கள். அவ்வளவுதான்.

ஒவ்வொரு செல்லோட உட்கருவும் நீள்வட்டமா, அடிப்பக்கம் ஒதுங்கி இருக்கும். எல்லாச் செல்லுலயும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துல இருக்கிறதால, மைக்ராஸ்கோப்ல பார்த்தா நூல் பிடிச்சு வச்ச பொட்டு வரிசை மாதிரி தெரியும். செல்கள் எல்லாம் அடித்தளச் சவ்வுன்னு ஒரு மெல்லிய விரிப்பு மேல நிக்குது. ரத்தக்குழாய் இந்த வரிசைக்குள்ள வராது, விரிப்புக்குக் கீழேயே நின்னுடும். செல்லுக்கு வேண்டிய சாப்பாடு கீழேயிருந்து ஊறித்தான் மேல வரணும்.

எங்கெல்லாம் இருக்கு? இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், பித்தப்பை, கர்ப்பப்பை. கருக்குழாய்லயும் இதே வகைதான், ஆனா அங்க பல செல்களோட தலையில குறு இழைகள் ஆடிட்டு இருக்கும். நாம எல்லாரும் அம்மா வயித்துல முதல் சில நாள் அந்த இழைகள் தள்ளிவிட்ட வழியிலதான் கர்ப்பப்பைக்கு வந்து சேர்ந்தோம்.

இப்ப ஒரு கேள்வி. வாயிலயும் உணவுக்குழாய்லயும் இந்த வகை இல்லையே, ஏன்? அங்க பல அடுக்கு இருக்கும். முறுக்கு, சீடை, சூடான காபின்னு நாம தள்ளுற சாமானுக்கெல்லாம் ஒத்தை வரிசை தாங்காது. மேல் அடுக்கு உரிஞ்சாலும் கீழ அடுக்கு இருக்கணும். இரைப்பையில இருந்துதான் ஒத்தை வரிசை ஆரம்பிக்குது. ஏன்னா அதுக்கப்புறம் காப்பாத்துறது மட்டும் வேலை இல்லை, எடுத்துக்கிறதும் வேலை. துணியை எட்டா மடிச்சு வச்சு வடிகட்டினா ஒண்ணும் இறங்காதில்ல, அந்த மாதிரி.

அப்படின்னா நுரையீரல்ல இருக்கிற மாதிரி தட்டைச் செல்லே போதுமே, எதுக்கு இவ்வளவு நெட்டை? நுரையீரல்ல காத்து சும்மா கசிஞ்சு அந்தப் பக்கம் போனா போதும். குடல்ல அப்படி இல்லை. வந்த சரக்கைப் பிரிக்கணும், தேவையானதை உள்ள இழுக்கணும், கொழுப்பைப் புதுசாப் பொட்டலம் கட்டணும், பின்பக்கமா அனுப்பணும். இதுக்கு எந்திரம் வேணும், எந்திரம் வைக்க இடம் வேணும். அதான் உயரம். உயரம்னு சொன்னாலும், ஒரு மில்லிமீட்டரை 40 பங்கு போட்டா அதுல ஒரு பங்குதான். நம்ம தலைமுடியோட தடிமனை விடக் கம்மி!

உள்ள போனது உள்ள இல்லை

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. காலையில நாலு இட்லி சாப்பிட்டோம். இட்லி எங்க இருக்கு? வயித்துக்குள்ளன்னு சொல்லுவோம். உடம்பைக் கேட்டா "இன்னும் வெளியிலதான் நிக்குது"ன்னு சொல்லும்.

உளுந்து வடையை நினைச்சுக்கோங்க. நடுவுல இருக்கிற ஓட்டை வடைக்குள்ளயா இருக்கு? வடை அதைச் சுத்தித்தான் இருக்கு. அதே மாதிரி வாய்ல ஆரம்பிச்சுக் கீழ வரைக்கும் போறது ஒரு நீளமான ஓட்டை. அதுக்குள்ள விழுந்தது எதுவும் இன்னும் நாம ஆகலை. அந்த ஒத்தை வரிசைச் செல்லைத் தாண்டினாத்தான் இட்லி நாம ஆகுது. தாண்டலைன்னா வந்த வழியே, சாரி, போற வழியே போயிடும்.

அந்த ஓட்டைக்குள்ள இட்லி மட்டுமா இருக்கு? கோடானுகோடி பாக்டீரியாவும் இருக்கு. எல்லாத்துக்கும் நம்ம ரத்தத்துக்கும் நடுவுல நிக்கிறது இந்த ஒரே ஒரு வரிசை. சோத்தை விடணும், கிருமியை விடக்கூடாது. வாச்மேனும் அதே ஆளு, சமையல்காரரும் அதே ஆளு.

இதுக்கு என்னென்ன ஏற்பாடு பண்ணி வச்சிருக்குன்னு பாருங்க.

முதல்ல தையல். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் மேல் முனையில இறுக்கமா ஒட்டிக்கிட்டு இருக்கும். 1963-ல மர்லின் ஃபார்குவாரும் ஜார்ஜ் பலாடேயும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்த்து இந்தத் தையலோட அமைப்பை விளக்கினாங்க. ரெண்டு செல்லுக்கு நடுவுல கண்டது நுழைஞ்சு ஓடாம பார்த்துக்கிறது இதுதான்.

ரெண்டாவது கோழை. வரிசையில ஆங்காங்கே ஒயின் கிளாஸ் மாதிரி வயிறு உப்பின செல்கள் இருக்கும். பாடப்புத்தகத்துல கோப்பை செல்கள்னு பேரு. இவங்க வேலையே வழவழன்னு கோழையைச் சுரந்து மேல ஒரு பூச்சு போடுறது. சாப்பாடு வழுக்கிட்டுப் போகும், கிருமி கிட்ட வர முடியாது.

மூணாவது பரப்பு. செல்லோட தலையில ஆயிரக்கணக்குல நுண் உறிஞ்சிகள், பிரஷ் மாதிரி. இந்தச் செல்கள் போர்த்தியிருக்கிற குடல் சுவரே விரல் விரலா நீட்டிட்டு இருக்கும், அது குடல் உறிஞ்சி. அந்தச் சுவர் மடிப்பு மடிப்பாவும் இருக்கும். இதையெல்லாம் விரிச்சா டென்னிஸ் கோர்ட் அளவு வரும்னு பல புத்தகத்துல போட்டிருக்கும். 2014-ல சுவீடன்ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் மறுபடி அளந்து, மொத்தச் செரிமானப் பாதைக்கும் சேர்த்து சுமார் 32 சதுர மீட்டர்தான்னு சொன்னாங்க. நம்ம கணக்குல கிட்டத்தட்ட 340 சதுர அடி. டென்னிஸ் கோர்ட் போச்சு, ஒரு பெரிய ஹால் மிஞ்சுச்சு. அதுவும் சின்ன விஷயமா? ஒரு ஹாலையே மடிச்சு வயித்துக்குள்ள வச்சிருக்கோம்.

நாலாவது ஆள் மாத்துறது. இவ்வளவு அடிபடுற இடத்துல ஒரே செல் எத்தனை நாள் தாங்கும்? சிறுகுடல்ல இந்தச் செல்லுக்கு ஆயுசு 3 முதல் 5 நாள்தான். உறிஞ்சிகளுக்கு நடுவுல இருக்கிற குழியோட அடியில ஸ்டெம் செல்கள் இருக்கு. 2007-ல நெதர்லாந்துல ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு இதை அடையாளம் காட்டினாங்க. அங்க பிறக்கிற புதுச் செல் படிப்படியா மேல ஏறி, உச்சிக்கு வந்து, வேலை முடிஞ்சு உதிர்ந்துடும். போன வாரம் உங்க குடல்ல வேலை பார்த்த ஆளுங்கள்ல முக்கால்வாசிப் பேர் இன்னிக்கு டூட்டியில இல்லை!

தலைவாசலும் பின்வாசலும்

இனிமே சொல்லப்போறதுதான் இந்தப் பதிவோட உயிர். கொஞ்சம் நிதானமாப் படிங்க.

தூண் செல்லுக்கு மேல் கீழ்னு ரெண்டு பக்கம் உண்டு. குடல் ஓட்டையைப் பார்த்த பக்கம் தலைவாசல். ரத்தத்தைப் பார்த்த பக்கம் பின்வாசல். ரெண்டு வாசல்லயும் வேற வேற கதவு.

பின்வாசல்ல ஒரு மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு. செல்லுக்குள்ள இருக்கிற சோடியத்தை (உப்புல பாதி அதுதான்) இறைச்சு இறைச்சு வெளிய தள்ளும். 1957-ல டென்மார்க்ல யென்ஸ் ஸ்கௌ இந்த மோட்டாரைக் கண்டுபிடிச்சார், 1997-ல நோபல் பரிசு கிடைச்சது. மோட்டார் இறைக்கிறதால செல்லுக்குள்ள சோடியம் எப்பவும் பற்றாக்குறை. அதனால தலைவாசல் வழியா உள்ள வர சோடியம் முட்டி மோதும்.

தலைவாசல்ல சோடியத்துக்கு ஒண்ணுக்கு மேற்பட்ட கதவு இருக்கு. அதுல ஒரு கதவு விசித்திரமானது. சோடியம் தனியா வந்தா திறக்காது. குளுக்கோஸ் தனியா வந்தாலும் திறக்காது. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் திறக்கும். ரெண்டு சோடியத்துக்கு ஒரு குளுக்கோஸ், அதான் டிக்கெட். உப்பும் சர்க்கரையும் சேர்ந்து உள்ள போனதும், பின்னாலயே தண்ணியும் போகும். குடல்ல தண்ணியை இழுக்கத் தனியா மோட்டார் கிடையாது. உப்பு எங்க போகுதோ, தண்ணி அங்க போகும்.

இந்த ஜோடிக் கதவைப் பத்தி முதல்ல சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கிரேன். 1960 ஆகஸ்ட்ல பிராக் நகரத்துல நடந்த ஒரு கூட்டத்துல படம் போட்டு விளக்கினார். அவர் விளக்கினது சர்க்கரையைக் குடல் எப்படி எடுத்துக்குதுங்கிற கேள்விக்குப் பதில். ஒரு உசுரைக் காப்பாத்துற வழி அதுக்குள்ள இருக்குன்னு அன்னிக்கு யாரும் பெருசா எடுத்துக்கலை.

அப்பத்தா கேட்ட கேள்வி

எங்க பூர்வீகம் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தாங்க. எனக்கு அத்தை முறை. நான் பார்த்ததில்லை, போட்டோவும் கிடையாது. 1963-ல, ரெண்டு வயசுல, வயித்தால போய் ஒரே நாள்ல இறந்துட்டாங்க. காலையில திண்ணையில விளையாடின பிள்ளை, மறுநாள் விடியல்ல இல்லை.

எனக்குப் பத்து பன்னெண்டு வயசு இருக்கும்போது ஒரு தடவை வாந்தியும் பேதியும் வந்து சுருண்டு படுத்துட்டேன். சுகாதார நிலையத்துல இருந்து வந்த நர்ஸ் அக்கா, ஒரு பாக்கெட்டைக் கொதிச்சு ஆறின தண்ணியில கலக்கி, "கேட்கிறப்பல்லாம் குடுங்க, கேட்காட்டியும் குடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அப்பத்தா தம்ளரைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்பத்தான் அத்தை கதையைச் சொன்னாங்க.

"தண்ணி தண்ணின்னு கேட்டா அவ. குடுத்தா இன்னுந்தான் போகும்னு எல்லாரும் சொன்னாக. சீலைத் துணிய நனச்சு ஒதட்ட மட்டும் தொடச்சு விட்டேன்."

அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. அழவும் இல்லை. நாக்குல தொட்டு ருசி பார்த்துட்டு, நர்ஸ் அக்காகிட்ட மறுநாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "உப்பு சரி. சீனி எதுக்குத்தா?"

"தெம்புக்கு ஆத்தா"ன்னு அந்த அக்கா சொன்னாங்க. அவங்களுக்கு நாலு வீடு போகணும், அவசரம். அப்பத்தா தலையாட்டிக்கிட்டாங்க. 2009-ல அப்பத்தா போய்ச் சேர்ந்தாங்க. தெம்புக்குத்தான்னு நினைச்சுக்கிட்டே போயிருப்பாங்க.

சீனி தெம்புக்கு இல்லை. அது கதவுக்குச் சாவி.

சுவர் இடியலை

பேதியில தண்ணி குடுக்கக் கூடாதுங்கிறது ஏதோ பட்டிக்காட்டு மூடநம்பிக்கைன்னு நினைச்சுடாதீங்க. படிச்ச டாக்டர்களே "குடலுக்கு ஓய்வு குடுங்க"ன்னு பட்டினி போட்ட காலம் அது. அதுக்கு ஒரு காரணமும் இருந்துச்சு. காலராவுல செத்தவங்களைப் பிரேதப் பரிசோதனை பண்ணினப்ப, குடலோட உள்பூச்சு உரிஞ்சு கிடந்ததைப் பார்த்தாங்க. நம்ம தூண் செல் வரிசையே பெயர்ந்து போச்சு, சுவர் இடிஞ்சு போச்சு, இனிமே வாய் வழியா எது குடுத்தாலும் ஒழுகத்தான் செய்யும்னு முடிவு கட்டினாங்க. சுவரே இல்லாத வீட்டுக்குக் கதவைத் தட்டி என்ன பிரயோஜனம்? ரத்தக்குழாய்ல ஊசி போட்டு சலைன் ஏத்துறது ஒண்ணுதான் வழி. ஆஸ்பத்திரியும் பாட்டிலும் கைக்கெட்டுற தூரத்துல இருந்தவங்க பிழைச்சாங்க. மாட்டு வண்டி கட்டி மதுரைக்குப் போக வேண்டியிருந்தவங்க...

இந்த நம்பிக்கையை உடைச்சது பாங்காக்ல நடந்த ஒரு வேலை. 1960-ல யூஜின் கங்கரோசா குழு அதோட முடிவை வெளியிட்டாங்க. உசுரோட இருக்கிற காலரா நோயாளிகளை, ஒரு சின்ன கேப்ஸ்யூல் கோர்த்த குழாயை விழுங்க வச்சு, குடல்ல இருந்து கடுகளவு திசு எடுத்துப் பார்த்தாங்க. தூண் செல் வரிசை அப்படியே நின்னுட்டு இருந்துச்சு! பிணத்துல பார்த்த உரிசல், செத்த பிறகு குடல் தானா அழுகினது.

சுவர் இடியலைன்னா அவ்வளவு தண்ணி எப்படிக் கொட்டுது? அதுக்குப் பதில் கல்கத்தாவுல இருந்து வந்துச்சு. 1959-ல சம்பு நாத் டே, காலரா கிருமியை வடிகட்டி எடுத்துட்டு, அது வளர்ந்த திரவத்தை மட்டும் முயலோட குடல்ல கட்டின ஒரு பகுதிக்குள்ள செலுத்தினார். கிருமியே இல்லை, ஆனாலும் குடல் தண்ணியால நிரம்பி உப்புச்சு. ஆக, கிருமி செல்லைக் கடிக்கலை, தின்னலை. ஒரு நஞ்சைத்தான் கக்குது.

அந்த நஞ்சு என்ன பண்ணுதுன்னு பிற்பாடு தெரிஞ்சுது. செல்லுக்குள்ள புகுந்து ஒரு சுவிட்சைப் போட்டு, அணைக்க முடியாம பண்ணிடுது. உடனே குளோரைடு வெளிய போற கதவு திறந்தே கிடக்கும். குளோரைடு கொட்ட, சோடியமும் தண்ணியும் பின்னாடியே கொட்டும். கடுமையான காலராவுல மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும் போகும். அதே சமயம் உப்பு தனியா உள்ள வர்ற சாதாரணக் கதவையும் அந்த நஞ்சு சாத்திடும். அதனாலதான் வெறும் உப்புத் தண்ணி குடுத்தா பிரயோஜனப்படலை. வெறும் தண்ணியும் போதாது.

ஆனா அந்த ஜோடிக் கதவு? உப்பும் சர்க்கரையும் கைகோத்து வந்தா திறக்கிற கதவு? நஞ்சு அதைத் தொடுறதே இல்லை. கொட்டிக்கிட்டு இருக்கிற நேரத்துலயும், அந்தக் கதவு பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு. யாராவது சாவியோட வருவாங்களான்னு காத்துக்கிட்டு இருக்கு.

1968-ல டாக்காவுல டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் தங்களோட குழுவோட சேர்ந்து அந்தச் சாவியைப் போட்டுக் காட்டினாங்க. உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியை, எவ்வளவு வெளிய போகுதோ அவ்வளவு குடிக்கக் குடுத்தா, ஊசி வழியா ஏத்துற சலைன் பெருமளவு குறைஞ்சுது.

ஆஸ்பத்திரியில நடக்கிறது களத்துல நடக்குமா? 1971-ல அதுக்கும் பதில் வந்துச்சு. வங்கதேசப் போர். லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வர்றாங்க. போங்கான் முகாம்ல காலரா. சலைன் பாட்டில் தீர்ந்து போகுது. திலீப் மகலனாபிஸ்னு ஒரு டாக்டர், வேற வழியில்லாம துணிஞ்சார். ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம். டிரம்முல கலக்கி வச்சு, நோயாளியோட அம்மா, அக்கா, புருஷன்னு யார் கூட இருக்காங்களோ அவங்க கையிலயே தம்ளரைக் குடுத்துட்டார். நூத்துக்கு 30 பேர் செத்துக்கிட்டு இருந்த முகாம்ல, அவர் பராமரிப்புல இருந்தவங்கள்ல சாவு நூத்துக்கு 3.6-ஆ குறைஞ்சுது.

மகலனாபிஸ் 2022 அக்டோபர்ல காலமானார். 2023-ல அரசாங்கம் பத்ம விபூஷண் குடுத்துச்சு, அவர் இல்லாதப்ப.

இப்ப வருஷத்தை மட்டும் வரிசையாப் பாருங்க. கிரேன் கதவைச் சொன்னது 1960. சுவர் இடியலைன்னு தெரிஞ்சதும் 1960. மனுஷங்ககிட்ட நிரூபிச்சது 1968. முகாம்ல ஜெயிச்சது 1971. எங்க அத்தை போனது 1963. பதில் ரெண்டு துண்டா உலகத்துல எங்கேயோ ரெண்டு காகிதத்துல இருந்திருக்கு, சேர்த்துப் படிக்க ஆள் இல்லை. சீனியும் உப்பும் எங்க வீட்டு அடுப்பங்கரையிலயே இருந்திருக்கு, சேர்த்துக் கலக்கணும்னு சொல்ல ஆள் இல்லை. அப்பத்தா மேல எந்தத் தப்பும் இல்லை. அன்னிக்கு உலகத்துக்கே தெரியாத ஒண்ணு, மேலூர்ப் பக்கத்துல ஒரு பொம்பளைக்கு எப்படித் தெரியும்? இதை அவங்ககிட்ட உட்கார்ந்து சொல்லியிருந்தா, "அப்படியாய்யா"ன்னு கேட்டிருப்பாங்க. அந்த ஒரு "அப்படியாய்யா"வுக்காகத்தான் ராத்திரி உட்கார்ந்து இத்தனையும் படிச்சேன்னு நினைக்கிறேன்.

கஞ்சியும் அதே கதவுதான்

நம்ம ஊர்ல உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி குடுக்கிற வழக்கம் அந்தக் காலத்துலயும் உண்டு. ஆனா கடுமையா போகும்போது, எதுவும் குடுக்காதேங்கிற பயம்தான் ஜெயிச்சுடும். கஞ்சியிலயும் அதே தத்துவம்தான். அரிசி மாவுச்சத்து குடல்ல கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சு குளுக்கோஸா மாறும். உப்போட கைகோத்து உள்ள போகும். 1980-கள்ல டாக்காவுல அரிசி போட்ட கரைசலைக் காலராவுக்குக் குடுத்துச் சோதிச்சு, பலன் உண்டுன்னு காட்டினாங்க. 2000-ல நம்ம வேலூர் சி.எம்.சி.யில ராமகிருஷ்ணா குழு ஒரு படி மேல போனாங்க. சிறுகுடல்ல செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசல்ல சேர்த்தாங்க. அது பெருங்குடலுக்குப் போய், அங்க இருக்கிற பாக்டீரியா அதைப் புளிக்க வச்சு, வர்ற அமிலத்தைப் பெருங்குடல் செல் எடுத்துக்கும்போது சோடியமும் தண்ணியும் கூடவே உள்ள போகும். பெருங்குடல்லயும் நம்ம எளிய தூண் எபிதீலியம்தான். வயித்துப்போக்கு நிக்கிற நேரம் குறைஞ்சுது.

எல்லாப் பேதியும் காலரா இல்லை. குழந்தைகளுக்கு வர்ற ரோட்டா வைரஸ், காலரா மாதிரி நாசூக்கா சுவிட்ச் மட்டும் போடாது. உறிஞ்சியோட உச்சியில இருக்கிற செல்லையே அழிச்சுடும். ஆனாலும் மிச்சம் இருக்கிற செல்லோட கதவு வேலை செய்யும், அடியில இருந்து புதுச் செல் ஏறி வந்துக்கிட்டே இருக்கும். அந்த நாலைஞ்சு நாள் உடம்பு வத்தாம பார்த்துக்கிட்டா, பெரும்பாலும் குடல் தன்னைத்தானே கட்டிக்கும். ரோட்டாவுக்குத் தடுப்பு மருந்தும் வந்தாச்சு. தமிழ்நாட்டுல 2017-ல இருந்து அரசு தடுப்பூசித் திட்டத்துலயே இருக்கு.

கடைசியா, காரியம்

உலக சுகாதார நிறுவனம் 2002-ல இருந்து சொல்ற கணக்கு, ஒரு லிட்டர் தண்ணிக்கு: குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். இதுல சோடியமும் குளுக்கோஸும் சரிக்குச் சரி, 75க்கு 75. அந்த ஜோடிக் கதவை மனசுல வச்சுப் போட்ட கணக்கு அது.

சர்க்கரை ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானேன்னு கேட்காதீங்க. ஜாஸ்தியானா கதவு எடுத்தது போக மிச்சச் சர்க்கரை குடல்லயே நின்னு, உடம்புல இருக்கிற தண்ணியையும் வெளிய இழுத்துடும். பேதிக்குக் கலர் சோடாவும் பாக்கெட் ஜூஸும் குடுக்கக் கூடாதுன்னு சொல்றது இதனாலதான். பேர்ல ஓ.ஆர்.எஸ்.னு போட்டுக்கிட்டு சர்க்கரைத் தண்ணியை வித்த பானங்களும் நம்ம கடைகள்ல இருந்துச்சு. ஹைதராபாத்துல ஒரு குழந்தை டாக்டரம்மா பல வருஷம் போராடி, 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்த மாதிரி பானங்களுக்கு அந்தப் பேரை வைக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. மருந்துக்கடையில வாங்கும்போது பின்பக்கம் திருப்பி, மேல சொன்ன கணக்கு இருக்கான்னு பாருங்க. சுகாதார நிலையத்துல குடுக்கிற பாக்கெட் இதே கணக்குதான், காசும் கிடையாது.

பாக்கெட்டே இல்லாத ராத்திரியில? கொதிக்க வச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர். தலை தட்டின டீஸ்பூன்ல ஆறு சீனி. தலை தட்டின அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடவே கூடாது. நம்ம சீனியை குளுக்கோஸா உடைக்கிற என்சைமும் அந்தத் தூண் செல்லோட தலையிலயே, நுண் உறிஞ்சியில இருக்கு. அதனால சாதாரணச் சீனியே போதும். மடக்கு மடக்கா, நிறுத்தாம குடுங்க. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. கலக்கினது 24 மணி நேரத்துக்கு மேல ஆனா கொட்டிட்டுப் புதுசாக் கலக்குங்க.

யாராவது "சீனி எதுக்கு"ன்னு கேட்டா, தெம்புக்குன்னு சொல்லாதீங்க. ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து கதவைப் பத்திச் சொல்லுங்க.

டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை இல்லை, ஒரு கணக்குப்பிள்ளையோட பதிவு. குழந்தை துவண்டு கிடந்தா, கண்ணு உள்ள போயிருந்தா, குடிக்க முடியலைன்னா, ஒண்ணுக்குப் போகலைன்னா, மலத்துல ரத்தம் இருந்தா, தம்ளரோட மல்லுக்கட்டாம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வழியெல்லாம் குடுத்துக்கிட்டே போங்க.